குறுக்குக் காற்றை வென்ற புதிமிர்

எங்கள் ஊரில் ஒரு குழந்தையின் ஆரோக்கியம் பதினெட்டாயிரம் தினார். பேரம் பேசத் தெரிந்தவர்களுக்குப் பன்னிரண்டாயிரமும், புகைபோட்ட பன்றித்தொடை ஒன்றும். ஆரோக்கியத்துக்கு விலையே கிடையாது என்று உலகத்து மேதைகள் எல்லாம் கையை விரித்துவிட்ட விஷயம் இது. மொராவா ஆற்றங்கரைக்காரர்களான நாங்கள் அப்படிப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதில்லை. விலை சொல்லாத பொருளை எங்கள் சந்தையில் நாய்கூட மோந்து பார்க்காது.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இது தடுப்பூசியின் விலை அல்ல. தடுப்பூசி இலவசம். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி. பிள்ளையை மருத்துவ நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் போட்டுவிட்டு, அட்டையில் முத்திரை குத்தி, அழுகிற வாய்க்கு ஒரு மிட்டாயும் கொடுத்து அனுப்புவார்கள். அந்த அட்டை இல்லாமல் மழலையர் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று சட்டம். பதினெட்டாயிரம் தினார் என்பது, ஊசி வேண்டாம், முத்திரை மட்டும் போதும் என்கிற 'விவரமான' பெற்றோர்களுக்கு. அதில் மிட்டாயும் கிடையாது.

விவரமானவர்களில் தலையானவர் புதிமிர். ஜன்னல் வியாபாரி. இரட்டைக் கண்ணாடி, ரப்பர் விளிம்பு, ஐந்து வருட உத்தரவாதம். அவருடைய வியாபாரம் குறுக்குக் காற்றின்மேல் கட்டப்பட்டது. எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் நடுவில் ஓடுமே, அந்தக் காற்று. பல்வலி, கழுத்துப் பிடிப்பு, சிறுநீரகக் கல், பரீட்சையில் தோல்வி, கல்யாணத் தாமதம் என்று எங்கள் ஊரின் எல்லாத் துன்பத்துக்கும் அதுதான் காரணம் என்பது பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். ஆகஸ்ட் மாதத்துப் பேருந்தில் ஐம்பது பேர் வெந்துகொண்டிருப்போம். அப்போது எவனாவது இரண்டாவது ஜன்னலைத் திறந்தால் அவனை அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டுவிடுவோம். இப்படிப்பட்ட மக்களிடம் இறுக மூடும் ஜன்னல் விற்கிறவரைச் சமூக சேவகர் என்றுதான் சொல்ல வேண்டும்.

கடையில் அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. மகள் கலினா, நான்கு வயது. வாடிக்கையாளர் உள்ளே வருவதற்கு முன் புதிமிர் குனிந்து, அவள் இடது காதில் ஜன்னலின் உண்மையான விலையைச் சொல்லிவிடுவார். பிறகு வாடிக்கையாளரிடம் அதைப் போல ஒன்றரை மடங்கு சொல்லிப் பேரத்தைத் தொடங்குவார். கலினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். இதுவரை ஒரு தடவைகூட உளறியதில்லை. "எல்லாத்தையும் அந்தக் காதுலயே பூட்டி வெச்சிருக்கேன்பா," என்பாள்.

அவளுக்கு அட்டை வாங்கிய கதை இது. கலினாவின் ஞானத்தாய் தெசாங்கா, மருத்துவ நிலையத்தில் நர்ஸ். ஞானத்தாயைக் 'கூமா' என்று கூப்பிடுவது வழக்கம். கூமா கேட்டதை மறுக்கக் கூடாது, கூமாவிடம் கேட்டதும் கிடைக்காமல் போகாது. டிசம்பர் மாதம் புதிமிர் அவள் சமையலறையில் போய் உட்கார்ந்தார்.

"ஒரு அட்டை வேணும் கூமா."

"அட்டை எதுக்கு? பிள்ளைய கூட்டிட்டு வா, ஊசியே போட்டுடறேன். ரெண்டு நிமிஷ வேலை."

"ஊசி எவ்ளோ?"

"ஓசிதான்."

"அதான் உதைக்குது," என்றார் புதிமிர். "இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன், ஒரு திருகாணி கூட எவனும் சும்மா குடுத்ததில்ல. சும்மா குடுக்கறான்னா சரக்குல ஏதோ இருக்கு."

"அப்படியா. அப்ப பதினெட்டாயிரம்."

"நம்ம கூமா உறவுக்குமா பதினெட்டு?"

"எல்லாருக்கும் பதினெட்டுதான். மத்தவங்களுக்கு காபி கிடையாது."

பேரம் மூன்று காபி நடந்தது. கடைசியில் பன்னிரண்டாயிரம், பன்றித்தொடை ஒன்று, தெசாங்காவின் சமையலறைக்கு ஒரு ஜன்னல் என்று படிந்தது. இலவசமாகக் கிடைப்பதை வாங்காமல் இருக்க இவ்வளவு செலவழித்தவர் இவருக்கு முன் எங்கள் ஊரில் பத்துப் பேர்தான். அந்தப் பத்துப் பேரின் அட்டையிலும் ஒரே தேதி: டிசம்பர் பத்தொன்பது. தெசாங்கா குடும்பத்தின் காவல் புனிதர் நிக்கோலாவின் நாள். ராசியான தேதி, மறக்கவும் மறக்காது என்று பதினோராவது அட்டையிலும் அதையே குத்தினாள்.

சரக்கு விற்கிறவன் தன் வீட்டுக்கு என்ன வாங்குகிறான் என்பது எந்த வியாபாரியும் முதலில் கேட்கிற கேள்வி. புதிமிர் அன்று அதைக் கேட்க மறந்துவிட்டார். ஜன்னலுக்கு அளவெடுக்கும் மும்முரம்.

மனைவி ஸ்மில்யாவிடம் இதையெல்லாம் சொல்லி அவளைக் கலவரப்படுத்துவானேன். அப்போது அவள் வயிற்றில் இரண்டாவது பிள்ளை ரெல்யா; மூன்று நாளுக்கு ஒரு தடவை மயக்கம் வேறு. ஊசி போடக் கூட்டிப் போகிறேன் என்று கலினாவை அழைத்துப்போய், மிட்டாய்க் கடையில் ஜாம் பன் வாங்கிக் கொடுத்து, அவள் இடது காதில் சொன்னார்: "ஊசி போட்டாச்சுன்னு அம்மாகிட்ட சொல்லணும். சரியா?"

கலினா வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

மார்ச் மாதம் 'பட்டாம்பூச்சி' மழலையர் பள்ளியின் பெற்றோர் குழு அவசரமாகக் கூடியது. தலைவர், புதிமிர். பொருள்: இருமல். ரொட்டிக் கடை மிலுதினின் மகன், வியென்னாவில் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்வந்ததிலிருந்து மூக்கு ஒழுக, கண் சிவக்க, வகுப்பில் நாய் மாதிரி இருமிக்கொண்டிருந்தான்.

"காரணம் என்னங்கறது எல்லாருக்கும் தெரியும்," என்று தொடங்கினார் தலைவர். கூட்டம் மொத்தமும் பள்ளியின் பழைய மர ஜன்னல்களைத் திரும்பிப் பார்த்தது.

யாஸ்னா என்பவள் கைப்பேசியை உயர்த்தினாள். குழுவின் அறிவியல் ஆலோசகர் அவள். பகலில் நகம் அழகுபடுத்தும் கடை வைத்திருக்கிறாள். "நான் ரொம்ப நாளா ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கேன். பிள்ளைங்க உடம்பு தானாவே எல்லாத்தையும் எதிர்த்து நிக்கும். காத்துதான் கெடுக்குது."

வகுப்பு டீச்சர் ரூழித்சா தயங்கியபடி எழுந்தாள். "பத்தொன்பது பிள்ளைங்க ஒரே ரூம்ல இருக்காங்க. இருமற பையன வீட்ல வெச்சுக்கிட்டு, காலைல ஒரு பத்து நிமிஷம் ஜன்னலத் திறந்து வெச்சா..."

"ரெண்டு பக்கமுமா?" என்றார் மிலுதின்.

"ரெண்டு பக்கமும் திறந்தாத்தானே காத்து வரும்."

ஒரு தாய் தன் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். டீச்சரின் கருத்து, அவருடைய இளவயதை முன்னிட்டு, குறிப்பேட்டில் ஏற்றப்படவில்லை.

புதிமிர் எழுந்தார். வீடு வீடாகப் போய் இருபது வருடம் பேசிப் பேசி மெருகேறிய அந்தப் புகழ்பெற்ற உரையை ஆற்றினார்: "ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பத்து வீட்ல ஒன்பது வீடு நல்ல ஜன்னல் போட்டு ஒருத்தன் மட்டும் போடலன்னு வைங்க. அவன் ஓட்டை வழியா காத்து உள்ள வந்து, படிக்கட்டு ஏறி, எல்லா வீட்டுக்கும் போகும். அவன் மட்டும் கெடறதில்ல, கட்டடமே கெடும். போட வக்கில்லாதவன் ஒருத்தன் இருப்பான், பாவம். அவனுக்கும் சேத்து மத்தவங்க அடைச்சுக் காப்பாத்தணும். நான் லாபத்துக்குப் பேசல."

லாபத்துக்குப் பேசவில்லை என்பது உண்மைதான். முப்பது சதவீதத் தள்ளுபடி கொடுத்தார். இரண்டே நாளில் எட்டு ஜன்னல்களும் மாறின. கதவிடுக்கில் பஞ்சு வைத்து அடைத்தார்கள். மிலுதினின் மகன், இனிமேல் பாதுகாப்பான இடம் அதுதான் என்பதால், இன்னும் மூன்று நாள் அங்கேயே இருமிவிட்டு, டாக்டரிடம் காட்டாமலே வீட்டில் படுத்தான். உள்ளே வந்த எதுவும் வெளியே போக வழியில்லாத அந்த அறை, எங்கள் மாவட்டத்திலேயே காற்றுப் புகாத முதல் மழலையர் பள்ளி என்று பாராட்டுச் சான்றிதழ் பெற்றது. அந்தச் சான்றிதழை அச்சடித்தவரும் புதிமிர்தான்.

பத்து நாள் கழித்துக் கலினாவுக்குக் காய்ச்சல் வந்தது.

வீட்டு வைத்தியம் முறைப்படி நடந்தது. பிளம் சாராயத்தில் காலுறையை நனைத்து அவளுக்கு மாட்டினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் லேசாகத் தலைசுற்றியதுதான் மிச்சம். புதிமிர் ஒவ்வொரு ஜன்னலின் விளிம்பிலும் மெழுகுவர்த்தியைப் பிடித்துப் பார்த்தார். சுடர் அசையவில்லை. காற்று எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. கண் சிவந்தது, இருமல் வந்தது. நான்காம் நாள், திங்கட்கிழமை காலையில், காதுக்குப் பின்னாலிருந்து தடிப்புகள் கிளம்பி முகமெல்லாம் சிவந்தது. ஸ்மில்யா ஐந்து வாரக் குழந்தை ரெல்யாவை மார்போடு கட்டிக்கொண்டாள், புதிமிர் கலினாவைத் தூக்கிக்கொண்டார். மருத்துவ நிலையத்துக்கு ஓடினார்கள்.

டாக்டர் விதோசவா கலினாவின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"பாத்தா தட்டம்மை மாதிரியே இருக்கு. அட்டை இருக்கா?"

புதிமிர் நீட்டினார். டாக்டர் வாங்கிப் படித்தாள்.

"ஊசி போட்டிருக்கு. நல்ல வேளை. அப்ப இது வேற ஏதாச்சும் வைரஸா இருக்கும், இல்ல அலர்ஜியா இருக்கும். எதுக்கும் ரத்தம் எடுத்து பெல்கிரேடுக்கு அனுப்பறேன். வெள்ளிக்கிழமை தெரிஞ்சுடும்."

புதிமிருக்கு ஒரு கணம் மார்பு விம்மியது என்பதை மறைப்பதற்கில்லை. படித்த டாக்டரையே நம்ப வைக்கிறதென்றால் அது எப்பேர்ப்பட்ட சரக்கு.

"இவனுக்கு ஒண்ணும் வராதே டாக்டரம்மா?" என்றாள் ஸ்மில்யா, ரெல்யாவின் தலையைத் தடவியபடி.

"தட்டம்மையா இருந்தா இவனுக்குத்தான் பெரிய ஆபத்து. இவ்ளோ சின்னப் பிள்ளைக்கு ஊசி போட முடியாது. நுரையீரல்ல இறங்கும், மூளைக்குக்கூடப் போகும். அதுக்குத்தான் சுத்தி இருக்கறவங்க எல்லாரும் போட்டுக்கணும்னு தலையால அடிச்சுக்கறோம். தடிப்பு வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியிருந்தே ஒட்டும். ஒட்டின ஆறு நாளுக்குள்ள எதிர்ப்பு மருந்து குடுத்தா தப்பிக்கலாம். ஆனா அதெல்லாம் உங்களுக்கு வேண்டியதில்ல, அக்காவுக்குத்தான் போட்டாச்சே. வீட்டுக்குப் போங்க."

கணக்கு போடுவதில் புதிமிரை மிஞ்ச ஆளில்லை. நாலு நாள் போயாச்சு. மிச்சம் ரெண்டு. இன்னைக்குத் திங்கள், ரிசல்ட் வெள்ளி. எத்தனை தடவை கூட்டினாலும் ரெண்டு நாள் இடித்தது. ரெல்யா கொட்டாவி விட்டான். ஸ்மில்யா எழுந்து போர்வையைச் சரிசெய்தாள்.

இருபது வருட வியாபாரத்தில் புதிமிர் தன் சரக்கைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. கண்ணாடி விரிசலோடு போன ஜன்னலைக்கூட 'கோலம் போட்ட கண்ணாடி' என்று விற்றவர்.

"டாக்டரம்மா, இந்தச் சரக்கு சரியில்ல."

"எந்தச் சரக்கு?"

"அந்த அட்டை. தேதியப் பாருங்க."

"டிசம்பர் பத்தொன்பது. அதுக்கென்ன?"

"நிக்கோலா நாள். அன்னைக்கு ஊர்ல பாதிப் பேர் வீட்ல விருந்து, மீதிப் பேர் அந்த விருந்துல. ஊசி போட இங்க யாரு இருந்தாங்க? நீங்க எங்க இருந்தீங்க?"

டாக்டர் யோசித்தாள். "எங்க மாமா வீட்ல. மூணாவது தட்டு மீன்ல."

"அதான். முத்திரை அசல். ஊசி போடல."

ஸ்மில்யா மெதுவாக மறுபடி உட்கார்ந்தாள். குரலே உயரவில்லை. "ஊசி வலிக்கு ஜாம் பன் வாங்கிக் குடுத்தேன்னு சொன்னியே."

"பன் நெஜம்," என்றார் புதிமிர்.

"அட்டையே இல்லாம வந்திருந்தீங்கன்னா," என்றாள் டாக்டர், அலமாரியைத் திறந்துகொண்டே, "பாத்தவுடனே தட்டம்மைன்னு எழுதி, இந்நேரம் பாப்பாவுக்கு மருந்து ஏத்தியிருப்பேன். இந்த அட்டைதான் ஒரிஜினல் மாதிரியே இருக்கே. பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல நான் ஒரு தட்டம்மை பாத்ததில்ல. ஏன்னு நினைக்கறீங்க? காத்து நல்லா இருந்ததாலயா?" மருந்துக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எங்க அடுக்குமாடில வந்து ஜன்னல் வித்தீங்களே, என்ன சொன்னீங்க? ஒருத்தன் ஓட்டைய விட்டா கட்டடமே கெடும்னு. போட வக்கில்லாதவனுக்கும் சேத்து மத்தவங்க அடைக்கணும்னு. நல்லா சொன்னீங்க. நான் ஆறு ஜன்னல் வாங்கினேன்." ரெல்யாவைக் காட்டினாள். "இவன்தான் அந்த வக்கில்லாதவன்."

தன் பேச்சுக்குத் தானே வாடிக்கையாளர் ஆனவனால் என்ன பேரம் பேச முடியும்.

அவர் போய்க் கதவைத் திறந்தார். நடைபாதையில் பெற்றோர் குழு ஏறக்குறைய முழுமையாகக் கூடியிருந்தது, மடியில் சிவந்த முகங்களோடு. எல்லார் கையிலும் அட்டை. யாஸ்னா கைப்பேசியில் வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள்: 'ஊசி போட்ட பிள்ளைகளுக்கே வந்திருக்கிறது. இப்போதாவது புரிகிறதா?'

"எல்லார் அட்டையும் டிசம்பர் பத்தொன்பதா?" என்றார் தலைவர்.

குழு சுவரில் மாட்டியிருந்த பல் பராமரிப்புப் படத்தை ஆழ்ந்து படிக்கத் தொடங்கியது.

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் வந்தது. "யார் குத்தினா, எவ்ளோ குடுத்தீங்க, எதுவும் எனக்கு இப்ப வேண்டாம். வீட்ல கைக்குழந்தை இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க மட்டும் கை தூக்குங்க. நேரம் இல்ல."

முதலில் மிலுதின் கை தூக்கினார். "எங்க வீட்ல ரெட்டைக் குழந்தைங்க. மூணு மாசம்." அப்புறம் ஒரு கை, அப்புறம் இன்னொன்று. யாஸ்னா தட்டியதை அழித்துவிட்டு, கைப்பேசி இருந்த கையையே தூக்கினாள். "எனக்கு மூணாவது மாசம்," என்றாள், இந்தத் தடவை ஆராய்ச்சி எதையும் சேர்க்காமல்.

டாக்டர் வெளியே வந்து மூக்கைச் சுளித்தாள். "முதல்ல அந்த ஜன்னல்களத் திறங்க. இந்த நோய் மூடின ரூம்ல ரெண்டு மணி நேரம் காத்துலயே நிக்கும்."

"ரெண்டு பக்கமுமா டாக்டரம்மா?" என்றார் மிலுதின் நடுங்கிப்போய். "குறுக்குக் காத்து வருமே."

புதிமிரே போய்த் திறந்தார். இரண்டு பக்கமும். எங்கள் ஊர் வரலாற்றில் ஜன்னல் வியாபாரி ஒருவர் பொது இடத்தில் செய்த முதல் துரோகம் அது.

ரெல்யா தப்பினான். மிலுதினின் இரட்டையர்களில் ஒருத்தி ஒன்பது நாள் ஆக்சிஜனில் கிடந்து திரும்பினாள். யாஸ்னா இரண்டு வாரம் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். சின்ன வயதில் அவளைக் கேட்காமலே அம்மா போட்டுவிட்ட ஊசி அவளைக் காப்பாற்றியது. யாரும் கேட்காத இன்னொரு தகவலையும் மாவட்ட அதிகாரிகள் எழுதி வைத்தார்கள்: பத்தொன்பது பிள்ளைகளில் ஓசி ஊசி போட்ட எட்டுப் பேர் அந்த மூடிய அறையில் அதே காற்றைக் குடித்துவிட்டு, மூன்று வாரமும் பொம்மைகளுக்குச் சண்டை போடாமல் விளையாடினார்கள். ஆட்கள் குறைவு, பொம்மைகள் அதிகம். காசு கொடுத்துத் தப்பித்த பதினோரு பேரில் பத்துப் பேர் படுத்தார்கள். குறுக்குக் காற்றால் ஒருவர்கூட நோயுறவில்லை என்று பெற்றோர் குழுவின் ஆண்டறிக்கை பெருமையோடு பதிவு செய்கிறது.

விசாரணை வந்து தெசாங்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. புதிமிர் ஒருநாள் அவள் சமையலறைக்குப் போனார். ஜன்னல் நன்றாக இறுகி மூடியிருந்தது.

"ஒண்ணு கேக்க மறந்துட்டேன் கூமா. உன் பசங்களுக்கு?"

"எல்லா ஊசியும் போட்டாச்சு, தேதி தவறாம," என்றாள் தெசாங்கா. "நான் நர்ஸ் புதிமிர். எனக்கென்ன கிறுக்கா?"

அன்று காபி கொடுக்கவில்லை.

ஜூன் மாதம் கடை பழையபடி சூடுபிடித்தது. ஒரு நாள் காலை, குடும்பமாக ஒரு வாடிக்கையாளர் தெருவைக் கடந்து வருவதைப் பார்த்த புதிமிர், பழக்க தோஷத்தில் குனிந்து கலினாவின் இடது காதில் விலையைச் சொன்னார். முப்பத்திரண்டாயிரம்.

கலினா வாயைப் பொத்தவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் சொல்லவில்லை என்பதுபோல.

"சொல்லுப்பா. அவங்க வந்துட்டாங்க," என்று சொல்லி, வலது காதைத் திருப்பிக் காட்டினாள்.

அந்தக் காய்ச்சலில் இரண்டு காதிலும் சீழ் பிடித்தது. வலது ஆறியது. இடதுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பெல்கிரேடில் இரண்டு நிபுணர்கள், தனித்தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு சொல்லிவிட்டார்கள்.

அன்று வந்தவருக்குப் புதிமிர் எடுத்த எடுப்பிலேயே முப்பத்திரண்டாயிரம் என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் ஏதோ சூது இருக்கிறது என்று பயந்து, வாங்காமலே போய்விட்டார். கடை சும்மா இருந்தது. புதிமிர் கணக்குப் புத்தகத்தை எடுத்து, டிசம்பர் மாதத்துக்குத் திருப்பி, முடிக்காமல் விட்டிருந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்தார். நேர்த்தியான கையெழுத்து, ஒரு அடித்தல் கிடையாது. ஊருக்கே முன்மாதிரியான கணக்கு என்பதால் அப்படியே தருகிறேன்:

வாங்கிய பொருள்: அட்டை ஒன்று.
தேதி: டிசம்பர் 19.
ரொக்கம்: 12,000 தினார்.
பன்றித்தொடை: ஒன்று.
ஜன்னல்: ஒன்று.
ஜாம் பன்: ஒன்று.
காது, இடது: ஒன்று.
பாக்கி: இல்லை.
பெற்றுக்கொண்டவர்: புதிமிர்.
செலுத்தியவர்: கலினா, வயது நான்கு.